காடு நகர்கிறது, வேலி நகரவில்லை

ஸ்பெயினின் பார்சலோனா நகரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போனால் மொன்ட்செனி என்ற மலை வருகிறது. உச்சி 1,706 மீட்டர். கீழ்ச்சரிவுகளில் ஹோம் ஓக் என்னும், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரம். மேலே போகப் போக பீச் மரம். (கடற்கரையையும் பழத்தையும் மறந்துவிடுங்கள். இது ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான காடுகளில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் மொத்தமாக இலை கொட்டும் பெரிய மரம்.) ஐரோப்பாவின் இந்த மேற்குப் பக்கத்தில் அந்த மரத்தின் தெற்கு எல்லைக்கு அருகில்தான் மொன்ட்செனி இருக்கிறது.

1940-களிலிருந்து இந்த மலை எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. உச்சிக்கு அருகே பீச் காட்டின் மேல் எல்லை சுமார் 70 மீட்டர் உயரம் ஏறியிருந்தது. நடுமலையில் பீச் நின்ற இடங்களில் ஹோம் ஓக் புகுந்துகொண்டிருந்தது. மேய்ச்சலும் புதர்களுக்குத் தீ வைக்கும் வழக்கமும் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனால் அதே காலத்தில் அங்கே சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருந்தது.

மொன்ட்செனி ஒரு காப்பகம். 1978 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களில் ஒன்று. அதன் எல்லைக் கற்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருக்கும் காடு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. மத்திய தரைக்கடலைச் சுற்றியுள்ள பல காப்பகங்களுக்கு இன்று இதுதான் சிக்கல்.

மரம் எப்படி நடக்கும்?

வளர்ந்த மரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். நகர்வது தலைமுறைகள். ஒரு சரிவில் மேலும் கீழும் விதைகள் விழுகின்றன. கீழ்ப்பக்கம் முளைத்த கன்று, வேர் ஆழம் போவதற்குள் கோடையில் காய்ந்துவிடுகிறது. மேல்பக்கம், முன்பெல்லாம் குளிரில் செத்துப்போன கன்று இப்போது பிழைத்துக்கொள்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து வந்து பார்ப்பவருக்குக் காடு மேலே ஏறியதுபோலத் தெரியும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முதிர்ந்த மரங்கள் நூறு, இருநூறு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். ஆகவே கீழ் எல்லையில் காடு பச்சைப் பசேலென்றே இருக்கும். அடியில் ஒரு கன்றுகூட இருக்காது. சூழலியலாளர்கள் இதை அழிவுக் கடன் என்கிறார்கள். கடன் வாங்கியாயிற்று, தவணை மட்டும் இன்னும் வரவில்லை. சுற்றுலா போகிறவர் எடுக்கும் படத்தில் இந்தக் கடன் தெரியாது.

ஒரு உயிரின் வாழிடம் என்பது வெறும் இடம் மட்டும் இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு மழை, மழை எந்த மாதத்தில், என்ன மண், யார் அண்டை வீட்டுக்காரர் என்று எல்லாம் சேர்ந்ததுதான் வாழிடம். இவற்றில் சூடும் மழையும் இடம் மாறினால், உயிரும் அவற்றின் பின்னாலேயே போக வேண்டும். போக முடியாதவை குறையும். மலையில் நூறு மீட்டர் ஏறினால் தோராயமாக 0.6 டிகிரி குளிர்கிறது. அதாவது ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பழைய குளிரைத் தேடி சுமார் 160 மீட்டர் மேலே ஏறினால் போதும். சமவெளியில் இருப்பவருக்கோ அதே ஒரு டிகிரிக்காக நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போக வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோடையில் மழை இல்லாத ஊர்

மத்திய தரைக்கடல் வானிலை என்று சொல்வதன் அடையாளம், கோடை முழுக்க வறட்சி, குளிர்காலத்தில் மட்டும் மழை. செடிக்கு வெயில் தாராளமாகக் கிடைக்கும்போது தண்ணீர் இல்லை. தண்ணீர் வரும்போது பகல் குறுகிக் குளிர் வந்துவிடுகிறது. இந்தத் தொல்லைக்குப் பழகியவைதான் அங்கே பிழைத்தன. தடித்த சிறிய இலையுள்ள ஆலிவ், ஓக், எண்ணெய் மணக்கும் ரோஸ்மேரி, தைம், லாவெண்டர். சமையலறையில் மணக்கும் அந்த எண்ணெய், செடிக்கு வறட்சியையும் மேய்கிற வாயையும் சமாளிக்கும் கருவி.

உலகில் ஐந்து இடங்களில் இந்த வானிலை உண்டு: மத்திய தரைக்கடல் சூழ்பகுதி, கலிபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். ஐந்தையும் சேர்த்தாலும் உலக நிலப்பரப்பில் இரண்டு விழுக்காடு அளவுதான். ஆனால் உலகின் தாவர இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இங்கேதான் வளர்கிறது. மத்திய தரைக்கடல் சூழ்பகுதியில் மட்டும் சுமார் 25,000 தாவர இனங்கள். அவற்றில் பாதியளவு வேறெங்கும் இல்லை.

இந்த வானிலையை உண்டாக்குவது ஒரு காற்றுப் பட்டை. நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலெழும் காற்று, வடக்கிலும் தெற்கிலும் சுமார் 30 பாகை அருகே கீழே இறங்குகிறது. கீழே இறங்கும் காற்று மேகம் கூடவிடாது. சகாரா பாலைவனம் அந்தப் பட்டையின் கீழ்தான் கிடக்கிறது. கோடையில் பட்டை கொஞ்சம் வடக்கே நகர்ந்து மத்திய தரைக்கடல் மேல் உட்காருகிறது, மழை நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் தெற்கே இறங்குகிறது, அட்லாண்டிக்கிலிருந்து மழை உள்ளே வருகிறது. பூமி சூடாகும்போது இந்தப் பட்டை துருவங்களை நோக்கி விரிகிறது. எனவே இந்தப் பகுதிக்கு இரட்டை அடி: சூடும் கூடுகிறது, மழையும் குறைகிறது. மத்திய தரைக்கடல் நாடுகளின் அறிவியலாளர்கள் கூடித் தயாரித்த 2020 மதிப்பீட்டு அறிக்கையின்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அப்போதே அங்கு 1.5 டிகிரி கூடியிருந்தது. அப்போது உலகச் சராசரி 1.1 டிகிரி.

குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்தால் பாலை என்பது நம் இலக்கிய மரபு. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. மழை பொய்த்தால் இருக்கிற நிலமே பாலையாகிவிடும். இப்போது காலநிலை ஆய்வாளர்கள் வரைபடம் போட்டுச் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. ஏரிகளின் அடிச்சேற்றில் படிந்த மகரந்தத்தைத் துளையிட்டு எடுத்து, கடந்த 10,000 ஆண்டுகளில் இப்பகுதியின் தாவரங்கள் எவ்வாறு மாறி மாறி வந்தன என்று கணித்து, அதை எதிர்காலத்தோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. உலக வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நின்றால் மாற்றங்கள் அந்தப் பத்தாயிரம் ஆண்டு வரம்புக்குள் அடங்கும். அதைத் தாண்டினால் அந்தக் காலம் முழுவதிலும் கண்டிராத மாற்றம் வரும் என்றது. புகை வெளியீடு கட்டுப்பாடின்றித் தொடரும் நிலையில், தென் ஸ்பெயின் பாலைவனமாகும். இன்று இலையுதிர் காடுகள் இருக்கும் இடங்களில் பெரும்பகுதியை மத்திய தரைக்கடல் புதர்க்காடு பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் மத்திய தரைக்கடல் வாழிடம் விரிவடையத்தானே செய்கிறது, இதில் கவலை என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வானிலை வடக்கே நகர்ந்துவிடும். அதன் பின்னாலேயே காடும் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. நடுவே கோதுமை வயல், நெடுஞ்சாலை, நகரம், மலைத்தொடர், கடல். எறும்பு சுமந்து பரப்பும் விதை ஆண்டுக்குச் சில மீட்டர்தான் போகும். தெற்கு விளிம்பில் இழப்பு உடனே நிகழ்கிறது. வடக்கு விளிம்பில் ஆதாயம் வந்தால் வரும்.

ஐந்து பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட 2009 ஆய்வு ஒன்றின் முடிவும் இப்படித்தான்: உலக அளவில் மத்திய தரைக்கடல் வானிலையின் பரப்பு பெரிதாகக் குறையவில்லை, ஆனால் ஆஸ்திரேலியாவில் கடுமையாகச் சுருங்குகிறது. காரணம் எளிது. தென் அரைக்கோளத்தில் குளிரைத் தேடித் தெற்கே போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையிலும் கேப் முனையிலும் தெற்கே போனால் கடல்தான். சிலி நீண்ட நாடு, அங்கே ஓரளவு போக இடம் இருக்கிறது.

கோடு போட்டவர்கள் நினைத்தது

காப்பகம் என்ற ஏற்பாட்டின் அடிப்படைச் சிந்தனை, நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்து, கோடு போட்டு, வெட்டுபவரையும் வேட்டையாடுபவரையும் வெளியே நிறுத்துவது. இது வெற்றி பெற்ற சிந்தனை என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இதற்குள் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது: கோட்டுக்குள் இருப்பது, விட்டுவிட்டால், அப்படியே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நாச்சுரா 2000 என்ற காப்பக வலையமைப்பு இந்த ஊகத்தைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 1979-இன் பறவைகள் நெறிமுறையும் 1992-இன் வாழிட நெறிமுறையும் அதன் இரு தூண்கள். இன்று ஏறக்குறைய 27,000 இடங்கள். ஒன்றியத்தின் நிலப்பரப்பில் 18 விழுக்காட்டுக்கும் மேல். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு: இந்த வாழிடத்துக்காக, இந்த இனங்களுக்காக இந்த இடம் காக்கப்படுகிறது. பட்டியலில் உள்ள பீச் காடு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், அந்த இடத்தின் அதிகாரி எதைக் காப்பார்? பழைய காட்டைத் தண்ணீர் ஊற்றிப் பிடித்துவைப்பாரா, புதிதாக வரும் ஓக்கை வரவேற்பாரா? எழுதும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி.

2011-இல் ஐரோப்பா முழுமைக்குமான ஓர் ஆய்வு, 2080-க்குள் அங்குள்ள நிலவாழ் முதுகெலும்பிகளிலும் தாவரங்களிலும் சுமார் 58 விழுக்காடு இனங்களுக்கு, தேசியக் காப்பகங்களுக்குள் இன்று இருக்கும் தகுந்த வானிலை குறைந்துவிடலாம் என்று மதிப்பிட்டது. நாச்சுரா 2000 இடங்களில் 63 விழுக்காடு. எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவற்றுக்கு நடுவே உள்ள வேறுபாடு. தேசியக் காப்பகங்கள், காப்பு இல்லாத இடங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. நாச்சுரா இடங்களோ காப்பு இல்லாத இடங்களைவிட மேலாக ஒன்றும் இல்லை. ஏனென்றால் பழைய தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் மலைகளில் இருக்கின்றன. நாச்சுரா இடங்களில் பல, விவசாய நிலங்களுக்கு நடுவே சமவெளியில். மேலே சொன்ன 160 மீட்டருக்கும் நூறு கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உழவுக்கு உதவாது என்று மலையைக் காப்பகமாக்கிய காலம், தெரியாமலேயே நல்லது செய்திருக்கிறது.

இத்தகைய கணிப்புகளை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஓர் இனம் இன்று எங்கெல்லாம் இருக்கிறது, அங்கெல்லாம் வெப்பமும் மழையும் எவ்வளவு என்று பார்த்து, அந்த இனத்துக்குப் பொருந்தும் வானிலைச் சட்டகம் ஒன்றை உருவாக்குகிறார்கள். எதிர்காலத்தில் அந்தச் சட்டகம் வரைபடத்தில் எங்கே விழும் என்று தேடுகிறார்கள். சட்டகத்துக்கு வெளியே விழுந்த இனம் மறுநாளே சாகும் என்று பொருள் கொள்ளக் கூடாது. போட்டியாளர், நோய், மரபு வேறுபாடு எதையும் இந்த முறை சரியாகக் கணக்கில் எடுக்காது. ஜோசியமாக எடுத்துக்கொள்ளாமல், கடன் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாம்.

டொன்யானா: மேலே வெயில், கீழே கிணறு

தென் ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருப்பது டொன்யானா. மணல்மேடு, பைன் காடு, மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் பெரும் சதுப்பு நிலம். 1969-இல் தேசியப் பூங்கா, 1994-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறக்கும் பறவைகளுக்கு அது சத்திரம் மாதிரி. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான நீர்ப்பறவைகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும்.

அங்கே கோடையிலும் வற்றாத குளங்களில் மிகப் பெரியது சாந்தா ஒலாயா. 2022 கோடையின் இறுதியில் அது முற்றிலும் வற்றியது. 2023-இலும் வற்றியது. அடுத்த ஆண்டும் அதே கதை. தொடர்ந்து மூன்று கோடைகள்.

மழை குறைந்தது, வெயில் கூடியது, குளம் வற்றியது என்று கதையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்க விரும்புகிறார்கள். ஆனால் டொன்யானாவின் குளங்கள் மழையை மட்டும் நம்பியவை அல்ல; மணலுக்கடியில் உள்ள நிலத்தடி நீர் மேலே கசிந்து நிரப்பும் குளங்கள் அவை. பூங்காவின் வேலிக்கு வெளியே வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்டு ஸ்ட்ராபெரி விளைகிறது. ஸ்பெயினின் ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி இந்த வெல்வா மாகாணத்திலிருந்துதான் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. அதற்கான தண்ணீர் அதே நிலத்தடியிலிருந்து வருகிறது. அனுமதி பெற்ற கிணறுகளோடு, அனுமதி இல்லாத கிணறுகளும் நிறைய. பூங்காவை ஒட்டிய கடற்கரைச் சுற்றுலா ஊருக்கும் அதே தண்ணீர்தான். வேலி தரைக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் தரைக்குக் கீழே போகிறது.

2021 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இந்த நிலத்தடி நீரைக் காக்க ஸ்பெயின் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. பிறகு ஆண்டலூசிய மாநிலத்தின் ஆளுங்கட்சி, பாசன நிலங்களுக்குச் சட்ட ஏற்பு கொடுக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவர, பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2023 நவம்பரில் மத்திய அரசும் மாநில அரசும் 140 கோடி யூரோ அளவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தண்ணீர் கேட்கும் பயிரைக் கைவிடும் விவசாயிகளுக்குப் பணம் கொடுப்பது அதில் ஒரு பகுதி.

டொன்யானாவை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலநிலை மாற்றம் என்ற சொல் இப்போது உள்ளூர்த் தவறுகளுக்கு நல்ல போர்வையாகிவிட்டது. வறட்சிக்கு வானத்தைக் கைகாட்டிவிட்டால், யாருடைய கிணற்றையும் மூட வேண்டியதில்லை. உண்மையில் கணக்கு நேர் எதிர். பூங்கா இயக்குநர் ஒருவரால் உலகின் கரியமில வாயுவைக் குறைக்க முடியாது. கிணற்றை மூடச் சொல்ல முடியும். நிலத்தடி நீர் நிறைந்திருந்தால் அந்தச் சதுப்பு நிலம் இரண்டு டிகிரி சூட்டைக்கூட ஓரளவு தாங்கும். ஏற்கெனவே வற்றிய உடம்பில் காய்ச்சல் வந்தால்தான் ஆபத்து.

கழுகுகளின் காடு எரிந்தபோது

கிரேக்க நாட்டின் வடகிழக்கு மூலையில், துருக்கி எல்லையருகே தாதியா காடு. 1980 முதல் காப்பகம். கருங்கழுகு என்று சொல்லத்தக்க, ஐரோப்பாவின் மிகப் பெரிய பிணந்தின்னிக் கழுகினத்துக்கு தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் இயற்கையாகவே எஞ்சிய ஒரே இனப்பெருக்கக் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் எவ்ரோஸ் மாவட்டத்தில் மூண்ட தீ இரண்டு வாரங்களுக்கு மேல் எரிந்து, 900 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தைக் கரியாக்கியது. தாதியாவின் பெரும்பகுதியும் அதில் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான காட்டுத்தீக்களில் மிகப் பெரியது அது. எல்லை தாண்டி வந்து காட்டுக்குள் மறைந்திருந்த அகதிகள் பலரும் அதில் கருகி இறந்தார்கள்.

மத்திய தரைக்கடல் காடுகளுக்குத் தீ புதிதல்ல. அலெப்போ பைன் மரம் தன் காய்களில் ஒரு பகுதியைப் பிசினால் மூடி வைத்திருக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகிக் காய் வெடித்து, சாம்பல் மீது விதை விழும். எரிந்த மறுமழையில் கன்றுகள் கிளம்பிவிடும். ஆனால் அந்தக் கன்று தானே போதிய விதை சேர்க்கப் பதினைந்து ஆண்டுகளாவது வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதையும் இல்லை, மரமும் இல்லை, புதர் மட்டும். இன்னும் ஒரு தீ வந்தால் வெறும் புல். சூடும் வறட்சியும் செய்வது, இந்தத் தீக்களுக்கு இடையேயான இடைவெளியைக் குறைப்பது. காலி செய்யப்பட்ட கிராமங்களும் உதவுகின்றன: ஆடு மேய்த்து, விறகு பொறுக்கிய மக்கள் நகரத்துக்குப் போய்விட, காய்ந்த புதர் தொடர்ச்சியாகக் குவிந்து கிடக்கிறது. காப்பகம் என்றால் மனிதனே கூடாது என்ற நினைப்பு இங்கே சறுக்குகிறது.

கடலுக்கடியில், ஓரா மீன்

கடலில் வேலி இன்னும் மெல்லிசு. மத்திய தரைக்கடலுக்கே உரிய பொசிடோனியா என்ற கடற்புல் உண்டு. பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள தாவரம், பாக் நீரிணையில் கடல்பசு மேயும் புல்வெளிகளுக்கு உறவு. மெதுவாக, மிக மெதுவாகப் படர்ந்து, தன் வேரடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கரியைச் சேர்த்துவைக்கும். ஸ்பெயினின் இபிசா, ஃபோர்மெந்தேரா தீவுகளுக்கு நடுவே உள்ள அதன் வெளிகள் 1999 முதல் உலக மரபுச் சின்னத்தின் பகுதி. கடல்நீர் 28 டிகிரியைத் தாண்டும் கோடைகளில் அதன் தளிர்கள் சாகும் வேகம் கூடுகிறது என்று, இவை அடங்கிய பலேயாரிக் தீவுகளில் கண்டிருக்கிறார்கள். படகுகளின் நங்கூரம் அதைப் பிடுங்காதிருக்க 2018-இல் அந்தத் தீவுகளின் அரசு தனிச்சட்டமே போட்டது. நல்ல சட்டம். ஆனால் சூடான நீருக்கு அபராதம் போட முடியாது. 2015 முதல் 2019 வரை ஐந்து ஆண்டுகளும் கடல் வெப்ப அலைகளால் பவளம், கடற்பஞ்சு உள்ளிட்ட ஏறத்தாழ 50 வகை உயிர்க்குழுக்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரையில் கூட்டமாகச் செத்தன, கடற்காப்பகங்களுக்கு உள்ளேயும்தான்.

கிழக்கு மூலையில் வேறு கதை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் செங்கடல் உயிர்களுக்கு ஒரு கதவு கிடைத்தது. நம் சந்தைகளில் ஓரா என்று விற்கும் மீனின் உறவினர்கள் இருவர் அதன் வழியே போனார்கள். ஒருவர் 1920-களிலேயே மத்திய தரைக்கடலில் பதிவாகிவிட்டார். அன்று நீரின் குளிர் அவர்களைக் கிழக்கிலேயே நிறுத்தி வைத்திருந்தது. இப்போது நீர் சூடாக, மேற்கே நகர்கிறார்கள். நமக்கு நல்ல குழம்பு மீன். அங்கே பாறைப் பாசிக்காட்டை வழித்துத் தின்று மொட்டையாக்குகிறது. துருக்கி, கிரேக்கக் கரைகளில் பாசி செழித்த பாறைகள் வழுக்கைத் தலையாகக் கிடக்கும் இடங்கள் உண்டு. நஞ்சுள்ள பேத்தை மீன் ஒன்றும் அப்படியே பரவியிருக்கிறது. துருக்கி அரசு, வாலுக்கு இவ்வளவு என்று மீனவர்களுக்குப் பணம் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறது. இஸ்ரேல் கரையில் ஆழம் குறைந்த நீரில் முன்பு பதிவான சிப்பி, நத்தை இனங்களைத் தேடிப்போன 2021 ஆய்வு, மணல் தரையில் 12 விழுக்காட்டையும் பாறையில் 5 விழுக்காட்டையும்தான் கண்டது. வெளியிலிருந்து வந்தவை மட்டும் செழித்திருந்தன. இந்தச் சூழலில் பழைய உயிர்களுக்காகக் கடற்காப்பகம் அமைப்பவர், யாருக்காக அமைக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏற இன்னும் மலை இருக்கிறதா?

மலை தஞ்சம் தரும் என்றேன். உச்சி வரைதான். 2001-க்கும் 2008-க்கும் இடையே ஐரோப்பாவின் 66 மலையுச்சிகளில் செடிகளை எண்ணினார்கள். வடக்கு மலைகளில் உச்சிக்குச் சராசரியாக நான்கு இனங்கள் கூடியிருந்தன: கீழிருந்து புதியவர்கள் ஏறி வந்துவிட்டார்கள். மத்திய தரைக்கடல் மலைகளில் மட்டும் எண்ணிக்கை குறைந்திருந்தது. சூட்டோடு வறட்சியும் சேர்ந்ததால், பழையவை போகின்றன, புதியவை வரவில்லை. ஸ்பெயினின் சியரா நெவாடா தேசியப் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உண்டு. அவற்றில் சுமார் 80 அந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லை. 3,400 மீட்டரைத் தாண்டிய அந்த உச்சிகளுக்கு மேலே ஏற ஒன்றும் இல்லை.

இதற்குக் காப்பாளர்கள் செய்யக்கூடியவை பல தளங்களில் இருக்கின்றன. ஓர் எளிய வழி, காலநிலை மெதுவாக மாறும் மூலைகளைக் கண்டுபிடிப்பது: வெயில் படாத வடக்குச் சரிவு, ஆழமான ஓடைப் பள்ளம், நிலத்தடி ஊற்று. ஒரே மலையில் தெற்குச் சரிவுக்கும் வடக்குச் சரிவுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கலாம். கடந்த பனியுகத்திலும் பல இனங்கள் இப்படிப்பட்ட மூலைகளில்தான் பிழைத்துக் கிடந்தன. புதிதாகக் காப்பகம் அறிவிக்கும்போது, இன்று எங்கே அழகு அதிகம் என்பதோடு, நாளை எங்கே நிழல் மிஞ்சும் என்றும் பார்க்க வேண்டும். 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பது என்று 2022 டிசம்பரில் மொன்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. எங்கே என்பது இன்னும் பெரிதும் திறந்த கேள்வி. விழுக்காட்டை நிரப்பப் பாறையையும் பனியையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை எந்த அரசுக்கும் வரும்.

இன்னொன்று, காப்பகங்களுக்கு இடையே வழி விடுவது. ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2002-இல் நூறுக்கும் குறைவாக, டொன்யானாவிலும் சியரா மொரேனா மலைத்தொடரிலும் மட்டும் எஞ்சியிருந்தது. 2013-இல் ஓர் ஆய்வு, இப்படியே விட்டால் காலநிலை மாற்றத்தால் ஐம்பது ஆண்டுகளுக்குள் காட்டில் அழிந்துவிடலாம், எதிர்கால வானிலையையும் முயல் கிடைப்பதையும் கணக்கிட்டுப் புதிய இடங்களில் விட்டால் தப்பிக்கலாம் என்றது. பண்ணையில் வளர்த்த குட்டிகளை ஸ்பெயினின் மற்ற மாநிலங்களிலும் போர்ச்சுகலிலும் விட்டார்கள். நெடுஞ்சாலைகளுக்கு அடியில் சுரங்க வழி, பண்ணையாளர்களோடு ஒப்பந்தம், இரைக்கு முயல் என்று நிறைய வேலை. 2023 கணக்கெடுப்பில் 2,000-ஐத் தாண்டியது. 2024-இல் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே, ஆபத்து சற்றே குறைந்த பிரிவுக்கு இறங்கியது. கணிப்பு பொய்த்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு விலங்கைப் பழைய இரண்டு காப்பகங்களுக்குள்ளேயே பூட்டி வைக்காததால் கிடைத்த பலன் இது.

கால் உள்ள பூனைக்கு இது சரி. சிசிலித் தீவின் மடோனி மலையில் ஓர் ஊசியிலை மரம் இருக்கிறது, நெப்ரோடி ஃபிர். உலகிலேயே அங்கே மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. வளர்ந்த மரங்கள் மொத்தம் முப்பது அளவுதான். மடோனி ஒரு காப்பகம். மரங்களுக்கு எண் கொடுத்து, மானும் காட்டுப்பன்றியும் அண்டாமல் வேலி கட்டியிருக்கிறார்கள். மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் தன் மகரந்தமே தனக்கு விழுந்து விதை சொத்தையாகிறது. ஆகவே மனிதர்கள் மரமேறி, ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் பூவில் கையால் தூவுகிறார்கள். கிடைத்த விதையில் கொஞ்சம் விதை வங்கிக்குப் போகிறது. மீதி நாற்றங்காலில் முளைத்து, இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்தபின், அதே மலையில் கொஞ்சம் ஈரமும் நிழலும் உள்ள வேறு சரிவுகளுக்குக் கொண்டுபோகப்படுகிறது.